விடுவதா, இறக்குவதா, கட்டுவதா, வெட்டுவதா: எங்கள் ஓடை அணைக்கு ஒரு முடிவு

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் பக்கம், காட்டோரமாக எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதன் நடுவில் ஓர் ஓடையை மறித்துப் போட்ட மண் கரை. ஊரில் அதைக் குட்டை என்பார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது டேம். தாத்தா காலத்தில் மாடு குடிக்கவும், ராகிக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சவும் இருந்த சிறு தடுப்பு அது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் சித்தப்பா கரையை உயர்த்தி, இரண்டு பெடல் படகு வாங்கிப் போட்டார். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறு வருகிறவர்கள் தங்க நான்கு அறை கட்டினார். இப்போது கரையின் பின்புறம் வெயில் காலத்திலும் நனைந்து கிடக்கிறது. பங்காளிகள் நான்கு வீடும் உட்கார்ந்து பேசினோம். நான்கு வீட்டுக்கும் நான்கு யோசனை.

அப்படியே விட்டு வருடாவருடம் பார்த்துக்கொள்வது ஒன்று. தண்ணீர் மட்டத்தை இறக்கி, மிகைத் தண்ணீர் வழிந்தோடும் வாயான கலிங்கை அகலப்படுத்துவது இரண்டாவது. மட்டத்தைத் தொடாமல் கரையை அடியிலிருந்து செப்பனிடுவது மூன்றாவது. கரையை வெட்டி ஓடையை அதன் போக்கில் விட்டுவிடுவது நான்காவது. தளி, கெலமங்கலம், பென்னாகரம் பக்கமெல்லாம் தோட்டம் வாங்கியவர்கள் பலருக்கு இப்படி ஒரு பழைய கரையும் கூடவே வந்திருக்கும். அவர்களுக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும் என்பதால், நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் கணக்குப் போட்டதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவு. கரை ஆழமான இடத்தில் 18 அடி. நிறைந்தால் நீர்ப்பரப்பு நான்கு ஏக்கர், சராசரி ஆழம் ஏழு அடி. அதாவது சுமார் மூன்றரைக் கோடி லிட்டர். பார்க்கச் சிறிய குட்டைதான். ஆனால் ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் என்று நினைத்துப் பாருங்கள், முப்பத்தைந்தாயிரம் டன் தண்ணீரை அந்த மண் கரைதான் பிடித்து வைத்திருக்கிறது.

இதை வந்து பார்க்க அரசில் யாரும் இல்லை. 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில், கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது போன்ற தகுதிகளில் ஒன்றாவது இருந்தால்தான் அதில் சேரும். எங்களுடையது ஐந்தரை மீட்டர். 2017 நவம்பர் இறுதியில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஷட்டர் ஒன்று உடைந்தபோது தென்பெண்ணைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போனது, பொறியாளர்கள் ஓடி வந்தார்கள், மட்டத்தை இறக்கி வேலை பார்த்தார்கள். எங்கள் குட்டை நடுராத்திரியில் உடைந்தால் அந்த வேலை எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் ஆள்.

கரையிலிருந்து ஓடையோடு அரை கிலோமீட்டர் இறங்கினால் 14 வீடுகள். அதைத் தாண்டி ரோட்டுக் கல்வெர்ட்டு. பேச்சு நடந்த அன்று எல்லாரும் செலவையும் வருமானத்தையும் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா ஒன்று கேட்டார்: "கீழ இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேர்னு யாருக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் நானும் அண்ணனும் வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு வந்தோம். ஐம்பத்தெட்டுப் பேர், அதில் பத்தொன்பது குழந்தைகள். அதற்கப்புறம் இந்த நான்கு வழிகளும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. உங்கள் கரைக்குக் கீழே வெறும் புஞ்சைதான் இருக்கிறது என்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். வீடு இருந்தால் முதலில் எண்ணிவிட்டு வாருங்கள்.

கரையின் நிலை

ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவரையும், பக்கத்து ஊர் ஏரிக்கு நீர்பாய்ச்சிப் பழகிய பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கரையை நடந்தோம். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றேதான்: மண் கரை உடைவதற்கு முக்கியமான காரணம் இரண்டு. ஒன்று, வெள்ளம் கரைக்கு மேலே ஏறி வழிவது. இன்னொன்று, உள்ளுக்குள்ளேயே தண்ணீர் வழி கண்டுபிடித்து மண்ணை அரித்துக்கொண்டு வெளியே வருவது.

கசிவைப் பார்த்தால் முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள் என்றார் பொறியாளர். தெளிந்த தண்ணீர் என்றால் மூச்சு விடலாம். எந்த மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கலாக வந்தால், டம்ளரின் அடியில் மண் படிந்தால், கரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது பெரும்பாலும் தெளிவாக வருகிறது. ஆனால் பழைய இரும்புக் குழாய் கரையைக் குடைந்து வெளிவரும் இடத்தில் மட்டும் லேசாகச் செம்மண் நிறம். குழாயின் உள்ளே தண்ணீர் வருவதில்லை, வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வருகிறது. இதுதான் மோசம் என்று பெரியவர் குனிந்து விரலை வைத்துக் காட்டினார்.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர், நனைந்த இடத்தில் பின்பக்கமாகச் சிமெண்ட் பூசி அடைத்துக் கொடுத்தார். ஒரு வருடம் காய்ந்து கிடந்தது, நிம்மதியாக இருந்தோம். தண்ணீர் நிற்கவில்லை, போகும் வாசலைத்தான் அடைத்திருக்கிறோம். உள்ளே அழுத்தம் ஏறி, பத்தடி தள்ளி வேறு இடத்தில் ஊற்றுக் கண் திறந்தது. பின்பக்கக் கசிவைச் சிமெண்டால் அடைக்கவே கூடாது. மணலும் ஜல்லியும் அடுக்கி, தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது என்று வைப்பதுதான் முறை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரை மேல் மூன்று புங்கமரம், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியாது. கரையான் புற்று இரண்டு, நண்டு வளை நிறைய. தண்ணீர்ப் பக்கம் அலை அரிக்காமல் இருக்கப் பதித்த அலைகல் சரிந்திருக்கிறது. யானைகள் இறங்கி ஏறும் ஒரு தடத்தில் கரையின் மேல்மட்டம் முக்கால் அடி தாழ்ந்துவிட்டது. மேல்மட்டத்தில் ஒரு இடம் தாழ்ந்தாலும் வெள்ளம் முதலில் அங்கேதான் வழியும், வழிகிற இடம்தான் அறுக்கும்.

கலிங்குக் கணக்கு

எல்லாவற்றையும் விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது கலிங்கு. பத்தடி அகலம். சித்தப்பா படகுக்கு ஆழம் வேண்டும் என்று அதன் மேல் இரண்டடிச் சுவர் வைத்தார். ரோகு, கட்லா மீன்கள் போய்விடாமல் அதன் குறுக்கே கம்பி வலையும் கட்டினார். இப்போது கலிங்கு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே இரண்டே அடி.

கணக்கை யாரும் போடலாம். ஓர் ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குலம் மழை பெய்து அத்தனையும் ஓடினால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கன அடி. எங்கள் ஓடைக்குத் தண்ணீர் சேரும் பரப்பு 370 ஏக்கர். மணிக்கு மூன்று அங்குலம் என்று ஒரு பேய்மழை அடித்து, அதில் நாற்பது சதவீதம் ஓடிவந்தாலும் 370 × 3 × 0.4 என்று விநாடிக்கு 444 கன அடி. கலிங்கு எவ்வளவு கடத்தும்? தண்ணீர் ஏறி நிற்கும் உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, கலிங்கின் அகலத்தால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் தோராயமான விடை வரும். இரண்டடி உயரம், பத்தடி அகலம்: 85 கன அடி. அதுவும் கரை உச்சியைத் தண்ணீர் தொட்டு நிற்கும்போது, வலையில் ஒரு சருகுகூட இல்லாதபோது.

வருவது 444, போவது 85. மிச்சம் கரை மேலேதான் வழியும்.

அப்படி மழை இங்கே வருமா என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. தர்மபுரி மாவட்டம் அரூரில் 33. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துக்கொண்டு போனதை எல்லாரும் செல்போனில் பார்த்தோம். அந்த ஐம்பதை இருபத்துநான்கு மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்தால்கூட மணிக்கு 0.8 அங்குலம். நனைந்து ஊறிய மண்ணில் முக்கால்வாசி ஓடிவந்தால் 222 கன அடி, நாள் முழுக்க. எங்கள் கலிங்கு அதில் பாதியைக்கூடத் தாங்காது. அந்தப் புயல் கொஞ்சம் மேற்கே தள்ளி வந்து பெய்திருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

கம்பி வலையைப் பற்றிப் பேசும்போது பொறியாளர் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னார். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை. கால்வாய்க்காக அரசு கட்டியது, பிறகு கைமாறிக் கைமாறி, மீன்பிடிக்கவும் படகு ஓட்டவும் பணக்காரர்கள் நடத்திய ஒரு கிளப்பிடம் வந்தது. ஆண்ட்ரூ கார்னகிகூட அதில் உறுப்பினர். தண்ணீரை இறக்கும் அடிக்குழாய்களை கிளப்புக்கு முன் அணையை வைத்திருந்த ஒருவர் பிடுங்கி விற்றுவிட்டார், கிளப் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டி போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் போகாமல் இருக்கக் கலிங்கில் வலை கட்டினார்கள். 1889 மே 31ஆம் தேதி பெருமழையில் வலையில் குப்பை அடைத்து, கரை மேல் தண்ணீர் வழிந்து, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர் சொல்லிக்கொண்டே வர, நாங்கள் எங்கள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறுகிப்போன குழாய், தாழ்ந்த உச்சி, மீன் வலை, மூன்றும் எங்களிடம் இருக்கின்றன. அது 72 அடி அணை, நமக்கு அப்படி ஆகாது என்று சொல்லலாம். 1977 நவம்பரில் அதே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்கு மேலே இருந்த, நாற்பது அடி அளவுள்ள சிறிய அணை ராத்திரி உடைந்து 39 பேரைக் கொண்டுபோனது.

சரி, நான்கு வழிகள்

அப்படியே விட்டுக் கண்காணிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, எங்கள் பெரியப்பாவுக்கு இதுதான் பிடித்தது. கண்காணிப்பது நல்ல பழக்கம், எந்த வழியை எடுத்தாலும் அதை விடக்கூடாது. ஆனால் கலங்கல் கசிவும் போதாத கலிங்கும் இருக்கும் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அது உடையாமல் இருக்கப்போவதில்லை. மழை ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு கரையில் நிற்பவர் பார்த்து என்ன செய்வார்? குழாயும் திறக்காது, தண்ணீரை இறக்க வேறு வழியும் இல்லை. கசிவே இல்லாத, கலிங்கு தாராளமாக உள்ள, கீழே வீடில்லாத கரைக்கு மட்டும் இந்த வழி போதும்.

கரையை முழுதாகச் செப்பனிடுவதுதான் சித்தப்பாவின் ஆசை. தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும், படகு ஓடும், அறைகளுக்கு ஆட்கள் வருவார்கள். ஒழுங்காகச் செய்தால் இது உண்மையிலேயே நல்ல வழி. ஒழுங்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குட்டையை வற்றவைத்து, குழாய் இருக்கும் இடத்தில் கரையை அடிவரை வெட்டி, புதுக்குழாய் போட்டு, அதன் கடைப்பகுதியைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்க வேண்டும். மரங்களை வேரோடு தோண்டி எடுத்து நிரப்ப வேண்டும். மேலே மட்டும் வெட்டிவிட்டால் வேர் மக்கி, உள்ளே குழாய் மாதிரி ஓட்டை விழும். பின்சரிவின் அடியில் மணல், ஜல்லி, பெருங்கல் என்று அடுக்கி வடிகால் கட்ட வேண்டும். களிமண்ணை அரையடி, முக்கால் அடி அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். டிப்பரில் கொட்டி ஜேசிபி ஏறி மிதித்தால் ஆகிவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள், எங்கள் கரை பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் உயர்ந்தது. நாங்கள் வாங்கிய மதிப்பீடுகளில் இந்த வழிக்கு ஆகும் தொகை, மட்டத்தை இறக்கும் வழியைப் போல நான்கு மடங்குக்கு மேல். இத்தனைக்கும் அப்புறம் பத்தடிக் கலிங்கு பத்தடிதான். அதையும் சேர்த்து அகலப்படுத்தாமல் கரையை மட்டும் பலப்படுத்தினால், வலுவான கரையின் மேல் வெள்ளம் வழியும்.

கரையை வெட்டிவிடுவது என்று சொன்னவள் நான்தான். பாதுகாப்பு மட்டும்தான் கணக்கு என்றால் இன்றும் அதுதான் என் முதல் விடை. நிற்காத தண்ணீர் உடைத்துக்கொண்டு வராது. ஆனால் விசாரித்தபோது மறுபக்கம் தெரிந்தது. அந்தப் பதினான்கு வீட்டுக்கும் இருக்கும் ஒரே போர்வெல்லில் தண்ணீர் நிற்பது எங்கள் குட்டையால்தான் என்று அவர்களே சொன்னார்கள். கோடையில் யானைகள் இங்கே குடித்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. இது வற்றினால் எந்தத் தோட்டத்துத் தொட்டியைத் தேடிப் போகும் என்பது ஊருக்கே தெரியும். வெட்டுவதும் மண்வெட்டி எடுத்து ஒரு வாய் திறந்துவிடும் வேலை இல்லை. அது அணை உடைப்புக்கு நாமே நாள் குறித்த மாதிரி. தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, ஓடையின் முழு அகலத்துக்கும் சரிவாக வெட்டி, இத்தனை வருட வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோன பிறகுதான் ஓடையை விட வேண்டும். இதோடு கரைக்குப் பக்கத்து மேட்டில் பள்ளமாகத் தோண்டிய பண்ணைக்குட்டை ஒன்று போட்டுக்கொள்ளலாம். தரைமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீருக்குக் கரை உடையும் பயம் கிடையாது. போர்வெல்லும் யானையும் இல்லாத இடத்தில், பயன்பாடே இல்லாத கரைக்கு, இதைத்தான் சொல்வேன்.

மிச்சம் இருப்பது மட்டத்தை இறக்குவது. கலிங்கின் மேலுள்ள இரண்டடிச் சுவரை உடைத்து, இன்னும் ஓரடி தாழ்த்தி, அகலத்தைப் பத்திலிருந்து முப்பது அடியாக்குவது. அப்போது கலிங்குக்கும் கரை உச்சிக்கும் இடையே ஐந்தடி கிடைக்கும். மேலே இரண்டடியைத் தொடாமல் விட்டாலும் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடலாம். அதே கணக்கில் 468 கன அடி. வருவது 444. ஒரே வேலையில், வழிந்து உடையும் பயத்தின் பெரும்பகுதி போகிறது. கரை மேல் சாயும் அழுத்தம் குறைவதால் கசிவும் தணியும். நிற்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறையும். போர்வெல்லுக்கும் யானைக்கும் மிச்சம் போதும்.

இழப்பும் உண்டு. கிழக்குப் பக்கம் ஆழம் போய்விடும், அங்கே படகு தட்டும். அறையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு முன்னால் ஒரு சேற்றுப் பட்டை தெரியும். சித்தப்பாவின் வருமானம் குறையும், அவர் இதில் போட்ட உழைப்பு எனக்குத் தெரியும். அந்த நட்டத்தை நான்கு வீடும் பங்கிட்டுக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். அவர் தலையில் மட்டும் கட்டுவது தர்மமில்லை.

குழாய் ஓரக் கசிவை இந்த வழி தணிக்குமே தவிரத் தீர்க்காது. ஆகவே மூன்றாவது வழியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறோம்: குழாயை மட்டும் தோண்டி மாற்றுவது, பின்னடியில் மணல் ஜல்லி வடிகால். மரமும் மற்றதும் அடுத்த வருடம்.

சட்டப் பக்கத்தில் இரண்டு விஷயம். ஓடை உங்கள் பட்டாவில் இருக்கிறதா, ஓடைப் புறம்போக்கா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடமும், நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேடும் பார்த்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட நகர்த்த முடியாது. இன்னொன்று பொறுப்பு. 1868இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கில், ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்தபோது, கட்டியவர் தன் பக்கம் தப்பு இல்லை என்றாலும் நட்டத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. அப்புறம் 1874இல் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் மழையில் உடைந்து ரயில் பாதையை அடித்தபோது, அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விட்டுவிட்டது. அவை தொன்றுதொட்ட பாசன ஏரிகள், ஊர் பிழைக்க வேண்டியவை, பராமரிப்பது அவர் கடமை, அலட்சியம் இருந்தால்தான் பொறுப்பு என்று. தாத்தாவின் தடுப்பு அந்த நிழலில் ஒதுங்கியிருக்கலாம். படகுக்காக உயர்த்திய கரை ஒதுங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மட்டத்தை இறக்குவது என்ற இந்த முடிவுக்குப் பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார். மீன் வலையை அன்றைக்கே அறுத்துவிட்டோம், யானைத்தடத்துப் பள்ளத்தில் களிமண் போட்டு இறுக்கியாயிற்று. குழாய் திறக்காது என்பதால் ஆறு அங்குல ஹோஸை நிரப்பிக் கரை மேல் போட்டு, சைஃபனாகத் தண்ணீரை இறக்குகிறோம். ஒரு நாளைக்கு அரையடிக்கு மேல் இறக்கக்கூடாது, வேகமாக இறக்கினால் ஊறிய முன்சரிவு சரிந்து விழும். தண்ணீருக்குள் கம்பு நட்டு அரையடிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறோம். தினமும் காலையில் சித்தப்பாதான் போய் அளந்து, பதினான்கு வீட்டுக்காரர்களும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போடுகிறார். மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஜேசிபி வருகிறது. முதல் வேலை அந்த இரண்டடிச் சுவர்.